அம்மாவுக்கும் சித்திக்கும் சோடியம் குறைந்தபோது

இரத்தப் பரிசோதனைத் தாளில் சோடியம் குறைவு என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு "கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்பதுதான். அடுத்த பேச்சு, "அந்த நீர் மாத்திரையை நிறுத்துங்கள்". என் அம்மாவுக்கு இந்த இரண்டில் எதைச் செய்திருந்தாலும் ஆபத்தாக முடிந்திருக்கும். என் சித்திக்கோ மாத்திரையை நிறுத்தியதுதான் உயிரைக் காத்தது. இருவரும் உடன்பிறந்தவர்கள். இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை இருவருமே சாப்பிட்டு வந்தார்கள். ஒரே கோடையில் இருவருக்கும் சோடியம் இறங்கியது. மருத்துவம் மட்டும் நேரெதிராக இருந்தது.

இந்த வேறுபாடு விளங்காமல் நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது கடினம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது, மீதி முழுவதும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். அந்தக் கணக்கின் பொருள் அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோதுதான் முழுமையாகத் தெரிந்தது. அவ்வளவு நீரும் தானாகத் திரும்புவதில்லை. நுண்குழல்கள் உப்பை இழுத்துக்கொள்கின்றன. உப்பு போகும் இடத்துக்கு நீர் பின்தொடர்ந்து போகிறது. நீர் மாத்திரை செய்வதெல்லாம் அந்த உப்பு திரும்பிப் போகும் வழிகளில் ஒன்றை அடைப்பதுதான். உப்பு உள்ளே போக முடியாமல் சிறுநீரில் தங்குகிறது, நீரும் அதோடு வெளியேறுகிறது. ஆகவே இந்த மாத்திரை முதலில் கைவைப்பது உப்பில். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், குளோரைடு எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

எந்த வழியை அடைக்கிறது என்பதில்தான் மாத்திரைக்கு மாத்திரை வேறுபாடு. லாசிக்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த ஃபுரோசமைடும் அதன் உறவான டார்செமைடும் நுண்குழலின் நடுவே உள்ள ஹென்லே வளைவு என்ற பகுதியில் வேலை செய்கின்றன. வடிகட்டப்பட்ட சோடியத்தில் நான்கில் ஒரு பங்கு திரும்பப் பெறப்படும் இடம் அது. அதனால் அவற்றின் வேகம் அதிகம். இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்றவை அதற்கு அடுத்த கட்டமான சேய்மை நுண்குழலில் வேலை செய்கின்றன. அங்கே கையாளப்படும் உப்பு குறைவு, ஆகவே அவை மென்மையானவை என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. சோடியத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் தவறு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்றாவது வகை ஸ்பைரனோலாக்டோன். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை எதிர்த்துக் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் இது சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும்.

அம்மாவுக்கு மாரடைப்பு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்தச் சித்திரை மாதம் திண்டுக்கல்லில் வெயில் கடுமை. கால் வீங்கியது, பாவாடை நாடா இடுப்பில் அழுந்தத் தொடங்கியது, இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கினார். அடங்காத தாகம் வேறு. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மருத்துவமனையில் எடுத்த சோதனையில் சோடியம் 124 என்று வந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் உப்பைப் பற்றியே பேசினார்கள். மருத்துவர் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "உங்களுக்கு உப்பு குறையவில்லை அம்மா. தண்ணீர் கூடிப்போயிருக்கிறது" என்றார். சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தாலும் ஒரு சொம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் உப்புக் குறைந்தது போலத்தான் இருக்கும். அம்மாவின் உடலில் மொத்த சோடியம் உண்மையில் இயல்பைவிட அதிகமாகவே இருந்தது. வீங்கிய காலிலும் நுரையீரலிலும் தேங்கியிருந்தது அந்த உப்பும் நீரும்தான். இதயம் பலவீனமாக இரத்தத்தை அனுப்பும்போது, உடலில் இரத்தமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. மூளையும் அதே முடிவுக்கு வந்து, நீரை வெளியே விடாத ஹார்மோனைச் சுரக்கிறது, தாகத்தையும் தூண்டுகிறது. உடல் முழுக்க நீர் நிறைந்திருக்கும் ஒருவருக்குத் தொண்டை வறளும் கொடுமை இப்படித்தான் வருகிறது.

ஆகவே அவருக்கு உப்பைக் கூட்டவில்லை. ஃபுரோசமைடை ஊசியாகக் கொடுத்து, குடிக்கும் நீரை நாளுக்கு 1.2 லிட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள். சிறுநீர் கொட்டக் கொட்ட, மூச்சு வாங்குவது குறைந்தது. எடை 57 கிலோவிலிருந்து 52-க்கு வந்தது. நீர் குறைந்ததும் சோடியம் தானாக ஏறி 132-ல் நின்றது. நீர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் நடந்திருக்கக் கூடியதை நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த 1.2 லிட்டரோடு வாழ்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. இதயம் பலவீனமான எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நிலையாக இருப்பவர்கள் பலருக்கு மருத்துவர்கள் அளவே சொல்வதில்லை. சோடியம் இறங்கியிருக்கும்போதும் வீக்கம் கட்டுக்கு வராதபோதும்தான் இவ்வளவு கண்டிப்பு. அம்மாவுக்கு அது தேவைப்பட்டது.

காலையில் 1.2 லிட்டர் தண்ணீரை ஒரு குப்பியில் அளந்து ஊற்றி வைத்துவிடுவோம். காபி குடித்தால் அந்த டம்ளர் அளவு தண்ணீரைக் குப்பியிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவோம். ரசம், மோர், கஞ்சி எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. குப்பியில் எவ்வளவு மீதி என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் ஒவ்வொரு முறையும் மறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இது அவருடைய மரியாதையைக் காப்பாற்றியது. பெற்ற தாய் தண்ணீர் கேட்கும்போது இல்லை என்று சொல்வதைப் போலத் துன்பமான வேலை எதுவும் இல்லை. வீட்டிலிருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. அவற்றை எல்லாம் அளந்து பார்த்து, 150 மில்லி பிடிக்கும் ஒரே டம்ளரை அம்மாவுக்கென்று ஒதுக்கினோம். தாகத்துக்குச் சிறு பனிக்கட்டித் துண்டு, உப்பிடாத எலுமிச்சைத் துண்டு, வாயைக் கொப்பளித்துத் துப்புதல் ஆகிய மூன்றும் உதவின. இவை எல்லாவற்றையும்விட உதவியது உணவில் உப்பைக் குறைத்தது. உப்பு அதிகம் சாப்பிட்டுவிட்டுத் தாகத்தை அடக்கு என்றால் யாராலும் முடியாது.

உப்பைக் குறைப்பதைப் பற்றி நம்மிடம் தவறான நம்பிக்கைகள் நிறைய. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பில் பாதி உப்புப் போட்டுவிட்டு ஊறுகாயையும் அப்பளத்தையும் மோர் மிளகாயையும் தட்டில் வைத்தால் குறைத்ததற்குப் பொருள் இல்லை. கருவாடு என்றால் கேட்கவே வேண்டாம். இந்துப்பு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று அம்மாவின் தோழி ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் பொடிகளிலும் சோடியம் மிகுதி. கரைந்து பொங்கும் வலி மாத்திரைகளிலும் அப்படியே. இவற்றையெல்லாம் யாரும் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது சித்தி.

தேனிப் பக்கம் தனியாக வசிக்கிறார். இதயத்தில் கோளாறு ஏதும் இல்லை, இரத்த அழுத்தம் மட்டும்தான். சில வாரங்களுக்கு முன் அவருடைய மாத்திரையை மாற்றியிருந்தார்கள். பெயர் ஏறத்தாழ அதேதான், கடைசியில் எச் என்ற எழுத்து மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. மெலிந்த உடல். தனியாள் என்பதால் சமையலும் சுருங்கிவிட்டது: மதியம் ரசம் சாதம், இரவு இரண்டு இட்லி. தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் சோர்வு, குமட்டல். பிறகு நடையில் தள்ளாட்டம். தொலைபேசியில் பேசும்போது சொற்கள் கிடைக்காமல் திணறினார். பால் பாத்திரத்தைத் துணி அலமாரியில் வைத்தார். "வயதாகிறதல்லவா, மறதி வந்துவிட்டது" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஆனால் மறதி நோய் இப்படி ஒரு சில நாட்களில் வந்து இறங்காது. முதியவர் ஒருவர் நன்றாக இருந்து, சில நாட்களுக்குள் குழப்பமாகப் பேசத் தொடங்கினால், முதலில் சோடியத்தைப் பார்க்க வேண்டும். இதை எங்கே எழுதி ஒட்டச் சொன்னாலும் ஒட்டுவேன். சித்திக்கு வந்த எண் 114.

அவருடைய கால் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. எச் என்ற அந்த எழுத்து ஹைட்ரோகுளோரோதயாசைடைக் குறித்தது. ஹென்லே வளைவின் ஒரு பெரிய வேலை சிறுநீரகத்தின் உட்பகுதியை உப்புச் செறிவாக வைத்திருப்பது. அந்தச் செறிவு இருந்தால்தான் சிறுநீரகத்தால் நீரை இறுக்கிப் பிடிக்க முடியும். லாசிக்ஸ் அந்தச் செறிவையே கலைத்துவிடுவதால் உப்பும் போகிறது, நீரும் தாராளமாகப் போகிறது. தயாசைடு வகை அந்த உட்பகுதியைத் தொடுவதில்லை. நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அப்படியே இருக்கிறது. சிறுநீரை நீர்க்கச் செய்து உபரி நீரை வெளியேற்றும் கட்டம்தான் அடைபடுகிறது. உப்பு போகிறது, குடித்த தண்ணீர் தங்குகிறது. மென்மையானது என்று நாம் நினைக்கும் மாத்திரை, வேகமான மாத்திரையைவிட அதிகமாகச் சோடியத்தை இறக்குவது இதனால்தான். வயதான பெண்கள், மெலிந்தவர்கள் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.

சித்தியின் சாப்பாடும் ஒரு காரணம் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் புதியது. நீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கரைபொருள் வேண்டும். நாம் உண்ணும் உப்பும், புரதம் சிதைந்து உண்டாகும் யூரியாவும்தான் அது. பருப்பு, முட்டை, மீன் எதுவும் இல்லாமல் ரசம் சாதத்தில் வாழ்கிறவருக்கு அந்தக் கரைபொருள் மிகக் குறைவு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வெளியேற்ற வழி இருக்காது. தனியாக வாழும் முதியவர்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவது போதாது.

மாத்திரையை நிறுத்தினார்கள். 3 சதவீத உப்பு நீரைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள். "இவ்வளவு மெதுவாகவா? ஒரே நாளில் சரிசெய்துவிடக் கூடாதா?" என்று சித்தியின் மகன் பதறினான். கூடாது. பல நாட்களாகக் குறைந்த சோடியத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதை அவசரமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் சிதைந்து, பேச்சும் நடையும் நிரந்தரமாகப் போய்விடக் கூடும். 24 மணி நேரத்தில் 8 அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. மாத்திரை நின்ற பிறகு அடைபட்டிருந்த வழி திறந்து, சிறுநீர் திடீரென்று பெருகி, சோடியம் தானாகவே வேகமாக ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் இரவிலும் எழுப்பி இரத்தம் எடுத்தார்கள். எரிச்சல் பட்ட எங்களுக்கு அந்தச் செவிலியர் பொறுமையாக இதை விளக்கினார். நல்ல மனிதர்.

சித்தி முழுமையாகத் தேறிவிட்டார். அவருடைய கோப்பில் இந்த வகை மாத்திரை கூடாது என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். தயாசைடு வகை கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1950-களின் இறுதியில் அது வருவதற்கு முன், நீரை வெளியேற்றப் பாதரசம் கலந்த ஊசியைத்தான் போட்டார்கள். 1919-ல் வியன்னாவில் மேகநோய்க்குப் போட்ட பாதரச ஊசியால் சிறுநீர் பெருகியதைக் கவனித்துத் தொடங்கிய வழக்கம் அது. தயாசைடு இலட்சக்கணக்கானவர்களைப் பக்கவாதத்திலிருந்து காத்திருக்கிறது. யாருக்கு, எப்போது, எந்தச் சோதனையோடு என்பதுதான் கேள்வி.

அந்தச் சோதனையைப் பற்றி: நீர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலும், அளவை மாற்றினாலும், ஒன்றிரண்டு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும். அது சாதாரண இரத்தப் பரிசோதனைதான். எழுதித் தரவில்லை என்றால் நாமே கேட்கலாம். எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பொருட்களின் பெயர்களைப் படியுங்கள். எச் என்றோ சி.டி. என்றோ ஒட்டு இருந்தால் உள்ளே நீர் மாத்திரை இருக்க வாய்ப்பு உண்டு. தான் நீர் மாத்திரை சாப்பிடுவதே சித்திக்குத் தெரியாது.

அம்மாவின் கதையில் அடுத்த கட்டம் பொட்டாசியம். மருத்துவமனையில் லாசிக்ஸ் ஊசி போட்ட நாட்களில் அது 2.9-க்கு இறங்கியது. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பொட்டாசியம் குளோரைடு சிரப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். அந்தச் சுவையை அம்மா இன்றும் மறக்கவில்லை. கொடுத்தும் எண் ஏறவில்லை. மெக்னீசியத்தைப் பார்த்தபோது அதுவும் குறைந்திருந்தது. மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிந்திக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்த பிறகே இது நின்றது. இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது கூடுதல் ஆபத்து, மாத்திரையே நஞ்சாகிவிடும்.

வீடு திரும்பியபோது சிரப்பை நிறுத்தி ஸ்பைரனோலாக்டோனைச் சேர்த்தார்கள். கடுமையான இதயப் பலவீனம் உள்ளவர்களின் ஆயுளை இந்த மாத்திரை நீட்டிக்கிறது என்பது 1999-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் உறுதியானது. அந்த ஆய்வின் பெயர் ரேல்ஸ். அதைப் பார்த்து உலகெங்கும் மருத்துவர்கள் இதை எழுதத் தொடங்கினார்கள். அதன் பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பொட்டாசியம் மிகுந்துபோய் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. மருந்து நல்லதுதான். உடன் இருக்க வேண்டிய கண்காணிப்பு விட்டுப்போனதுதான் காரணம்.

எங்கள் வீட்டிலும் பொட்டாசியம் ஏறியது. கோடை என்பதால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளநீரோடு வந்தார்கள். சூடு தணியும் என்று அம்மாவும் தினமும் குடித்தார். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். ஸ்பைரனோலாக்டோனும், பிரில் என்றோ சார்ட்டன் என்றோ முடியும் அழுத்த மாத்திரையும் சேர்ந்து பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்கும்போது, அதன்மேல் இளநீர். சோதனையில் 5.8 வந்தது. ஈசிஜியில் மாற்றம் இல்லை. இரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொய்யாகவும் எண் கூடும் என்பதால், உடனே மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள், 5.7. இளநீரை நிறுத்தி, மாத்திரையைப் பாதியாக்கி, அடுத்தடுத்துச் சோதித்து 4.8-க்குக் கொண்டுவந்தார்கள். 6.5-ஐத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம், எந்த அறிகுறியும் காட்டாமல்.

ஆகவே இந்த மாத்திரை சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடைகளில் விற்கும் பொட்டலத்தில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு அது நல்ல மாற்று. ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் வேண்டாம். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் போன்றவற்றையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள். ஒரே வாழைப்பழம், ஒரே கீரை எல்லோருக்கும் நல்லதோ கெட்டதோ ஆகிவிடாது. லாசிக்ஸ் மட்டும் சாப்பிடும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொட்டாசியத்துக்காக வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்கள் என்றால், அந்த அறிவுரை உங்கள் வீட்டுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

இனி எடை. எடை இயந்திரம் ஒன்று வீட்டில் இல்லாமல் இதய நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், அதே போன்ற உடையில், அதே இடத்தில் இயந்திரத்தை வைத்து ஏறி நிற்க வேண்டும். எண்ணை நாட்காட்டியில் எழுத வேண்டும். காலில் குழி விழும் அளவுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்குள் எடை சொல்லிவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சாப்பாடு அல்ல, நீர். எங்களுக்கு மருத்துவர் கொடுத்திருக்கும் எண் 52. இரண்டு கிலோ கூடினால் அழைக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் அழைக்க வேண்டும். நீர் அளவுக்கு மீறி வற்றிப்போவதும் ஆபத்துதான். சிறுநீரகம் வாடிக் கிரியாட்டினின் ஏறிவிடும்.

எடையைக் குறைக்க இந்த மாத்திரையைத் தேடும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறைவது நீர், கொழுப்பு அல்ல. 2003 உலகக் கோப்பைக்கு முன் ஷேன் வார்ன் நீர் மாத்திரை சாப்பிட்டதாகச் சோதனையில் தெரிந்து ஓராண்டு ஆடத் தடை பெற்றார். மெலிந்து தெரிவதற்காகத் தன் தாய் கொடுத்தது என்றார். மற்ற ஊக்க மருந்துகளைச் சிறுநீரில் மறைக்க இது பயன்படும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது.

கால் வீங்கிவிட்டது என்று மருந்துக் கடையில் லாசிக்ஸ் வாங்கிப் போடும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. கால் வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரையாலேயே பாதம் வீங்கும். அதற்கு நீர் மாத்திரை பெரிதாகப் பயன்படாது, அம்லோடிபினை மாற்ற வேண்டும். நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களின் நாளப் புடைப்பு, புரதக் குறைவு, யானைக்கால் என்று காரணங்கள் பல. காரணம் தெரியாமல் உப்பை வெளியேற்றுவது வீக்கத்தையும் தீர்க்காது, புதிய நோயையும் கொண்டுவரும்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபன் வாங்கிப் போடுவதும் அப்படியே. நீர் மாத்திரை, பிரில் அல்லது சார்ட்டன் வகை மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்துபோகலாம். அம்மாவின் மூட்டுக்குப் பாராசிட்டமாலும் ஒத்தடமும்தான். திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வலித்தால் அதையும் சொல்லுங்கள். நீர் மாத்திரை யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியது.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் வழக்கம் போல நீர் மாத்திரையைப் போட்டுவிடக் கூடாது. உடலே உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருக்கும்போது மாத்திரை மேலும் இழுக்கும். அம்மாவுக்கு அப்படி வந்தபோது காலையிலேயே மருத்துவரை அழைத்தோம். லாசிக்ஸ், ஸ்பைரனோலாக்டோன் இரண்டையும் நிறுத்தி, நன்றாகச் சாப்பிடத் தொடங்கி எடை பழைய எண்ணுக்கு வந்த பிறகு மறுபடி தொடங்கச் சொன்னார். எந்தெந்த மாத்திரையை எந்தச் சூழலில் நிறுத்த வேண்டும் என்று நலமாக இருக்கும் நாளிலேயே எழுதி வாங்கி வைத்திருந்ததால் பதற்றம் இல்லை.

கடைசியாக, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று: பயணம். லாசிக்ஸ் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் வரை விடாது. பஸ்ஸில் போக வேண்டிய நாளில் பெண்கள் சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வழியில் நல்ல கழிப்பறை இல்லாத ஊரில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விட வேண்டிய தேவையே இல்லை. மாத்திரையின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் பெரும்பாலும் முடியும் என்பார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகப் பழனிக்குப் போனபோது, அம்மா காலை மாத்திரையை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே போட்டுக்கொண்டார். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு போட வேண்டாம் என்பது மருத்துவர் சொன்ன எல்லை. இரவில் அடிக்கடி எழுந்து இருட்டில் நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் அவருடைய நோயாளிகளிலேயே பலர் இருக்கிறார்களாம். எங்கள் வீட்டில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போட்டிருக்கிறோம். நடைவழியில் கிடந்த மிதியடியை எடுத்துவிட்டோம்.